ஐம்பது சென்ட் தபால்தலைக்குள் ஒரு கல்லறை

1922 நவம்பர் 11ஆம் தேதி அமெரிக்க அஞ்சல் துறை ஐம்பது சென்ட் தபால்தலை ஒன்றை வெளியிட்டது. வெளிர் ஊதா நிறம், படுக்கைவாட்டில் ஒரு சின்னச் செவ்வகம். தலைவர் முகம் எதுவும் கிடையாது. வாஷிங்டனுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தின் நினைவு அரங்கம், அதன் தூண்கள், அவ்வளவுதான் என்று தோன்றும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அரங்கத்துக்கு முன்னால் தாழ்வாக ஒரு கல் மேடை தெரியும். அதுதான் பெயர் தெரியாத வீரரின் கல்லறை. முதல் உலகப் போரில் பிரான்சில் செத்து, யாரென்றே அடையாளம் காணமுடியாமல் போன ஒரு அமெரிக்கச் சிப்பாயை, தபால்தலை வெளிவருவதற்குச் சரியாக ஒரு வருடம் முன்பு அங்கே புதைத்திருந்தார்கள்.

இந்தத் தபால்தலை அரிதானது ஒன்றும் இல்லை. இரண்டு சென்ட்டில் கடிதம் போன காலத்தில் ஐம்பது சென்ட் என்பது கனமான பார்சல்களுக்கும் வெளிநாட்டுப் பதிவுத் தபால்களுக்கும் ஒட்டுகிற விலை. வருடக்கணக்கில் அச்சடித்துத் தள்ளினார்கள். முத்திரை விழுந்த பிரதி இன்று ஒரு காபி விலைகூட வராது. இதே வரிசையில் நயாகரா அருவி, கோல்டன் கேட், காட்டெருமை, லிங்கன் நினைவகம் என்று நாட்டைச் சுற்றிக் காட்டுகிற மாதிரி படங்கள் உண்டு. அவற்றுக்கு நடுவில் ஒரு கல்லறையும், அதுவும் உள்ளே இருப்பவர் யாரென்று அரசாங்கத்துக்கே தெரியாத கல்லறையும், ஒரு வருடத்துக்குள் இடம் பிடித்துவிட்டது.

இன்றைக்கு ஆர்லிங்டன் போகிறவர்கள் பார்க்கிற வெள்ளைப் பளிங்குப் பெட்டி தபால்தலையில் கிடையாது. அது அப்போது இல்லவே இல்லை. பத்து வருடம் கழித்துத்தான் வந்தது. 1931இல் வேறு வகை அச்சு இயந்திரத்தில் இதே தபால்தலையை மறுபடி அடித்தபோதும் பழைய படத்தையே வைத்தார்கள்; அடுத்த வருடமே படம் பழசாகிவிட்டது. எனக்கு இந்தத் தபால்தலை பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம். சடங்கு, காவல், அணிவகுப்பு எல்லாம் வந்து சேர்வதற்கு முந்தைய கல்லறை இது.

முதலில் அந்த மனிதரை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

பிரிட்டனும் பிரான்சும் 1920 நவம்பர் 11 அன்று ஆளுக்கொரு பெயர் தெரியாத வீரரைத் தங்கள் தலைநகரங்களுக்குக் கொண்டுவந்தன. ஒருவர் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்துக்கு, இன்னொருவர் பாரிசின் வெற்றி வளைவுக்கு. அமெரிக்காவிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று அதே டிசம்பரில் தீர்மானம் கொண்டுவந்தவர் ஹாமில்டன் ஃபிஷ் என்ற நியூயார்க் காங்கிரஸ் உறுப்பினர். அடுத்த மார்ச் 4ஆம் தேதி அது நிறைவேறியது. அந்த அக்டோபரில் பிரான்சில் இருந்த நான்கு அமெரிக்கக் கல்லறைத் தோட்டங்களில் இருந்து தலா ஓர் உடலைத் தோண்டி எடுத்தார்கள்: ஏன்-மார்ன், மியூஸ்-ஆர்கான், சோம், சாங் மிஹியெல். உடுப்பு அமெரிக்க உடுப்பாக இருக்க வேண்டும், போர்க்காயத்தால் செத்தவராக இருக்க வேண்டும், அடையாளம் காட்டும் துரும்புகூட இருக்கக் கூடாது. நான்கும் ஒரே மாதிரியான பெட்டிகளில் ஷாலோன்-சுர்-மார்ன் என்ற ஊரின் நகர மன்றக் கட்டடத்துக்கு வந்தன. எந்தப் பெட்டி எந்தத் தோட்டத்தில் இருந்து வந்தது என்று யாரும் ஊகிக்கக் கூடாது என்பதற்காகப் பெட்டிகளை இடம் மாற்றியும் வைத்தார்கள்.

மறுநாள் காலை, 1921 அக்டோபர் 24. தேர்ந்தெடுக்கும் பொறுப்பை முதலில் ஓர் அதிகாரிக்குத்தான் கொடுப்பதாக இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் வீரரைத் தேர்ந்தெடுக்க ஒரு சாதாரணச் சிப்பாயை விட்டார்கள் என்று தெரிந்ததும் இவர்களும் மனதை மாற்றிக்கொண்டார்கள். பெட்டி தூக்க வந்திருந்த ஆறு பேரில் எட்வர்ட் யங்கர் என்ற சார்ஜென்ட்டின் கையில் வெள்ளை ரோஜாக் கொத்து ஒன்றைக் கொடுத்து உள்ளே அனுப்பினார்கள். அவர் பெட்டிகளைச் சுற்றி நடந்தார். ஒன்றின் மீது பூவை வைத்தார். ஏன் அந்தப் பெட்டி என்று கேட்டவர்களுக்கு, ஏதோ தன்னை அங்கே இழுத்தது போல் இருந்தது என்றுதான் பின்னாளில் அவரால் சொல்ல முடிந்தது. வேறென்ன சொல்ல முடியும்? நான்கு பெட்டிகளுக்கும் இடையே வித்தியாசம் எதுவும் இருந்துவிடக் கூடாது என்பதற்குத்தானே அத்தனை ஏற்பாடு. மற்ற மூவரையும் மியூஸ்-ஆர்கான் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அந்த மூவர் பெயரில் தபால்தலை கிடையாது.

தேர்ந்தெடுத்தவரை ஒலிம்பியா என்ற போர்க்கப்பலில் ஏற்றினார்கள். பெட்டி பெரிது; கீழ்த்தளத்துக்கு இறங்கவில்லை. மேல்தளத்திலேயே கயிறு போட்டுக் கட்டி, சுற்றிலும் மரைன் வீரர்கள் காவல் நின்றார்கள். அட்லாண்டிக்கில் புயல் வேறு. இரண்டு வாரம் ஆடி அலைந்து நவம்பர் 9ஆம் தேதி வாஷிங்டன் வந்து சேர்ந்தது. மறுநாள் நாடாளுமன்றக் கட்டடத்தின் மைய மண்டபத்தில் சுமார் 90,000 பேர் வரிசையில் நின்று பெட்டியைக் கடந்து போனார்கள். அடுத்த நாள் அடக்கம். குழியின் அடியில் பிரான்சில் இருந்து கொண்டுவந்த மண்ணை இரண்டு அங்குலத்துக்குப் பரப்பியிருந்தார்கள். அதிபர் வாரன் ஹார்டிங் நாட்டின் மிக உயர்ந்த வீர விருதைப் பெட்டியின் மேல் வைத்தார். கடைசியில் க்ரோ பழங்குடியின் தலைவர் பிளெண்டி கூஸ் முன்னால் வந்து, தன் இறகுத் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார்.

ஒரு கிளைக்கதை. அன்று அதிபரின் காரே போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டது. ஆற்றைக் கடக்கிற பாலம் அத்தனை கூட்டத்துக்குப் போதவில்லை. அந்த எரிச்சலில்தான், பல வருடமாகப் பேச்சளவில் கிடந்த ஆர்லிங்டன் நினைவுப் பாலத்துக்கு ஒருவழியாகப் பணம் ஒதுக்கினார்கள். 1932இல் பாலம் திறந்தது. நம்மூரில் மந்திரி வருகிறார் என்றால் ஒரே இரவில் ரோடு போடுவார்களே, அதைவிடக் கொஞ்சம் நிதானமான வேகம்.

ஃபிஷ் விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன். பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவர் போரில் கேப்டனாக இருந்தது 369ஆவது காலாட்படை ரெஜிமென்டில். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இருந்து போன கறுப்பினப் படைப்பிரிவு அது. அன்றைய அமெரிக்க ராணுவம் நிறம் பார்த்துப் பிரித்து வைத்திருந்த ராணுவம். இந்த ரெஜிமென்டைப் பிரெஞ்சுத் தளபதிகளிடம் ஒப்படைத்துவிட்டார்கள், அவர்கள் கீழேதான் போரிட்டது. ஆர்லிங்டனிலும் 1948 வரை கறுப்பின வீரர்களுக்குத் தனிப் பகுதிதான். செத்த பிறகும் வெள்ளைக்காரர் பக்கத்தில் படுக்க முடியாது.

அப்படிப்பட்ட இடத்தில், எல்லோரையும் விட உயர்ந்த மரியாதையோடு புதைக்கப்பட்டவர் வெள்ளையரா கறுப்பினத்தவரா என்று யாருக்கும் தெரியாது. கறுப்பின மக்கள் அப்போதே இதைக் கவனித்திருக்கிறார்கள். நம்மவராக இருந்தால் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். பெயர் தெரிந்திருந்தால் தோட்டத்தின் ஓரத்துக்குப் போயிருக்கக்கூடிய ஒருவர், பெயர் தெரியாததால் நடு மண்டபத்துக்கு வந்திருக்கலாம். ஃபிஷ் இதை மனதில் வைத்துத்தான் செய்தாரா என்று அறுதியிட்டுச் சொல்லமாட்டேன். ஆனால் தான் வழிநடத்திய சிப்பாய்கள் எந்த வரிசையில் நிற்கவைக்கப்பட்டார்கள் என்று நேரில் பார்த்த ஒருவர், நிறமும் மதமும் ஊரும் தெரியாத ஒரு வீரர் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அந்த ஒருவருக்குப் பெயர் இல்லாமல் இருப்பது நல்லதுதான் என்று நான் நினைப்பதற்கு இது முக்கியக் காரணம்.

அடக்கம் முடிந்ததும் கூட்டம் கலைந்தது. மேலே ஒரு சாதாரணக் கல் மட்டும். தபால்தலையில் இருக்கிற கல். அங்கிருந்து பார்த்தால் வாஷிங்டன் நகரம் அழகாகத் தெரியும். ஆகவே மக்கள் என்ன செய்தார்கள்? கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு வந்து அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். போட்டோ எடுத்துக்கொண்டார்கள். புகார் கிளம்பி, 1925 கடைசியில் ஒரு சிவில் காவலாளியைப் போட்டார்கள். 1926 மார்ச்சில் ராணுவக் காவல். 1937 ஜூலையில் இருந்து இரவும் பகலும், மழையோ பனியோ, இடைவிடாத காவல். இன்றைக்கு உலகமே வாய்பிளந்து பார்க்கிற அந்தக் காவல் நடையின் ஆரம்பம், கல்லறையில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள் என்று சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டதுதான்.

பளிங்குப் பெட்டிக்கு 1926இல் அனுமதி கிடைத்தது. போட்டி வைத்து லோரிமர் ரிச் என்ற கட்டடக் கலைஞரையும் தாமஸ் ஹட்சன் ஜோன்ஸ் என்ற சிற்பியையும் தேர்ந்தெடுத்தார்கள். கல் கொலராடோ மலையில் யூல் என்ற இடத்துச் சுரங்கத்தில் இருந்து வந்தது. லிங்கன் நினைவகத்தின் வெளிக்கல்லும் அங்கிருந்துதான். நடுப்பகுதிக்கு முதலில் வெட்டிய இரண்டு கல்லிலும் குறை கண்டு ஒதுக்கிவிட்டு மூன்றாவதை எடுத்தார்கள். அப்படியும் பிறகு விரிசல் விட்டது. அதை மாற்றுவதா பூசி மூடுவதா என்று இந்த நூற்றாண்டிலும் சண்டை நடந்து, பூசுவதே போதும் என்று முடிவானது. 1932 ஏப்ரல் 9 அன்று வேலை முடிந்தபோது விழாகூட எடுக்கவில்லை. மேற்குப் பக்கத்தில் ஒரே ஒரு வாசகம்: கடவுளுக்கு மட்டுமே தெரிந்த ஒரு அமெரிக்கச் சிப்பாய் இங்கே மாண்புடன் துயில்கிறார் என்பது அதன் பொருள்.

அப்பா அமெரிக்கா வந்திருந்த குளிர்காலத்தில் ஒரு நாள் அவரை ஆர்லிங்டனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் திருச்சி ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயில்வே தபால் பிரிவில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க ரயில் பெட்டியிலும் சார்ட்டிங் அறையிலும் கடிதம் பிரித்தவருக்கு, எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கண்ணில் படுவது தபால் பெட்டிதான். தபால்தலை ஆசையும் அவரிடம் இருந்து எனக்கு ஒட்டியதுதான்.

மெட்ரோவில் இறங்கி மேடேறிப் போக வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் வெள்ளைக் கற்கள், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. அப்பா ஒவ்வொரு கல்லாகப் பெயரை வாசித்துக்கொண்டே வந்தார். பழக்க தோஷம். மேலே போய்ச் சேர்ந்தபோது காவல் மாறும் நேரம். கறுப்பு விரிப்பின் மேல் காவலர் 21 அடி வைத்து நடக்கிறார், நிற்கிறார், கல்லறையைப் பார்த்து 21 நொடி, திரும்பி மறுபடி 21 நொடி, துப்பாக்கியைப் பார்வையாளர் பக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டு மறுபடி 21 அடி. 21 குண்டு மரியாதையின் கணக்கு. இரண்டு குதிகாலையும் சேர்க்கும்போது ஷூவில் பதித்த உலோகத் தகடு ‘டக்’ என்று அடிக்கிறது. அவ்வளவு பெரிய திறந்த வெளியில் வேறு சத்தமே இல்லை. நடக்கிற காவலரின் சட்டையில் பதவிப் பட்டை கிடையாது. உள்ளே இருப்பவர் எந்தப் பதவியில் இருந்தார் என்று தெரியாது, அவரைவிடப் பெரிய பதவி என்று காட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவாம்.

இந்தக் காவலர்கள் வாழ்நாள் முழுக்கக் குடிக்கமாட்டோம், கெட்ட வார்த்தை பேசமாட்டோம் என்று சத்தியம் செய்கிறார்கள், கல்லறைக்கு அடியிலேயே குடியிருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்தியை அப்பாவும் வைத்திருந்தார். எல்லாம் கட்டுக்கதை. முன்னாள் காவலர்களின் சங்கமே பலமுறை மறுத்திருக்கிறது. சொன்னதும் அப்பாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

திரும்பி வருகிற வழியில், உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படைத் தளபதியாக இருந்த ராபர்ட் லீயின் பழைய வீட்டுப் பக்கம், இன்னொரு கல்லறையைக் காட்டினேன். அங்கே கூட்டமே இல்லை. உள்நாட்டுப் போரில் செத்து, புல் ரன் போர்க்களத்திலும் அங்கிருந்து ராப்பஹானக் ஆறு வரை போகிற வழியிலும் சிதறிக் கிடந்த எலும்புகளைப் பொறுக்கி வந்து, லீ குடும்பத்து ரோஜாத் தோட்டத்தின் ஓரத்தில் 20 அடி ஆழக் குழி வெட்டி 1866இல் மொத்தமாகப் புதைத்தார்கள். 2,111 பேர் என்று கல்லில் வெட்டியிருக்கிறது. போர்க்களத்தில் பொறுக்கியது என்பதால் தென்மாநிலப் படையினரின் எலும்பும் கலந்திருக்கும் என்கிறார்கள். வடமாநிலங்களின் யூனியன் ராணுவம் தன் வீரர்களுக்கென்று கட்டிய சமாதியில் எதிரியும் படுத்திருக்கிறார். கல்வெட்டில் இன்னொரு வரி உண்டு. இவர்களை அடையாளம் காண முடியவில்லை, ஆனால் இவர்கள் பெயரும் மரணமும் நாட்டின் ஆவணங்களில் பதிவாகியிருக்கின்றன என்கிறது. அதாவது பெயர்ப் பட்டியல் ஓர் இடத்தில் இருக்கிறது, எலும்பு இன்னோர் இடத்தில். எது யாருடையது என்று பொருத்தத்தான் வழி இல்லை. அப்பா அந்தக் கல்வெட்டு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். 1921 கல்லறையைவிட இதுதான் அவரைத் தொட்டது என்று நினைக்கிறேன்.

சரி, பளிங்குப் பெட்டிக்கு முன்னால் தரையோடு தரையாக மூன்று கல் பலகைகள் இருப்பதைச் சொல்லவில்லையே. 1958 மே 30 அன்று இரண்டாம் உலகப் போர் வீரர் ஒருவரையும் கொரியப் போர் வீரர் ஒருவரையும் அங்கே புதைத்தார்கள். தேர்வு முறை பழையதுதான், இன்னும் கொஞ்சம் சிக்கலாக. ஐரோப்பாவில் இருந்து ஒருவர், பசிபிக்கில் இருந்து ஒருவர் என்று இரண்டு பெட்டிகளைக் கான்பெரா என்ற போர்க்கப்பலில் வைத்து, வில்லியம் சாரெட் என்ற கடற்படை மருத்துவ உதவியாளர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். தேர்வாகாதவரைக் கடலிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். கொரியப் போர் வீரரை ஹவாய் பஞ்ச்போல் கல்லறைத் தோட்டத்தில் இருந்து எடுத்த நான்கு பேரில் இருந்து தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு பலகையிலும் வருடங்கள் மட்டும்: 1941–1945, 1950–1953.

நடுவில் இருக்கிற பலகைதான் வியட்நாமுக்கானது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதைப் பற்றிச் சொல்லத்தான்.

வியட்நாம் போருக்கும் ஒரு பெயர் தெரியாத வீரரை வைக்க வேண்டும் என்று 1973இலேயே சட்டம் போட்டுக் குழியும் தயாரானது. வைக்க ஆள் கிடைக்கவில்லை. ஹெலிகாப்டர்களும் ஆய்வுக்கூடங்களும் வந்துவிட்ட போர் அது. அநேகமாக எல்லா உடல்களுக்கும் பெயர் தெரிந்துவிட்டது. வருடங்கள் போகப் போக, தங்களை நாடு மறந்துவிட்டது என்று வியட்நாம் போர் வீரர்கள் குமுறினார்கள். ரீகன் ஆட்சியில் அழுத்தம் கூடியது. ஒரு குழியை நிரப்ப ஒரு பெயர் தெரியாதவர் தேவைப்பட்டார்.

1972 மே 11 அன்று ஆன் லாக் என்ற ஊருக்கு அருகே ஏ-37 ரக விமானம் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டது. ஓட்டியவர் மைக்கேல் பிளாசி, வயது 24, செயின்ட் லூயிஸ் நகரத்துப் பையன். சண்டை நடக்கிற இடம், உடனே போய் எடுக்க முடியவில்லை. சில மாதம் கழித்துத் தென் வியட்நாம் படையினர் அங்கே போனபோது கிடைத்தவை: நான்கு விலா எலும்புகள், ஒரு மேற்கை எலும்பு, இடுப்பு எலும்பின் துண்டு. கூடவே பாராசூட்டின் கிழிசல், விமானி உடுப்பின் துண்டு, துப்பாக்கி உறை, ஒருவர் மட்டும் பயன்படுத்தும் உயிர்காப்பு மிதவை. அவரது அடையாள அட்டையும் இருந்தது. அந்த அட்டை சைகோனுக்குப் போகிற வழியில் காணாமல் போய்விட்டது. ஆனாலும் எலும்புகளின் மேல் ‘பிளாசியாக இருக்கலாம்’ என்று சீட்டு ஒட்டித்தான் ஹவாய் ஆய்வுக்கூடத்தில் வைத்திருந்தார்கள். குடும்பத்துக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. உடல் கிடைக்கவில்லை என்றுதான் அவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

1980இல் ஒரு குழு அந்த எலும்புகளைப் பற்றி மறுபடி ஆராய்ந்தது. வயதும் உயரமும் பிளாசியோடு ஒத்துவரவில்லை என்று முடிவு செய்தது. சீட்டில் இருந்த பெயரை எடுத்துவிட்டு எக்ஸ்-26 என்று எண் போட்டார்கள். 1984 மே மாதம் அந்த எக்ஸ்-26 தான் கொடி போர்த்திய பெட்டியில் வாஷிங்டன் வந்தது. ரீகன் பேசினார், உயர் விருதை வைத்தார், அழுத முகங்களைத் தொலைக்காட்சி காட்டியது. செயின்ட் லூயிஸில் பிளாசியின் அம்மாவும் உடன்பிறந்தவர்களும் எல்லோரையும் போல இருந்தார்கள்.

பத்து வருடம் கழித்து, 1994இல், டெட் சாம்ப்ளி என்ற முன்னாள் படைவீரர் ஆவணங்களைக் கோத்துப் பார்த்து, அந்தக் குழியில் இருப்பது பிளாசியாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதினார். 1998 ஜனவரியில் சிபிஎஸ் தொலைக்காட்சி அதைத் துருவியது. குடும்பம் கேட்டது: திறந்து பாருங்கள். சாதாரணக் கோரிக்கை இல்லை. 24 மணி நேரமும் காவல் நிற்கிற, நாட்டின் மிகப் புனிதமான கல்லறை. ஆனால் மே 14ஆம் தேதி திறந்தார்கள். எலும்பில் இருந்து எடுத்த மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வை அம்மாவின் ரத்தத்தோடும் சகோதரியின் ரத்தத்தோடும் ஒப்பிட்டார்கள். இந்த வகை டி.என்.ஏ. தாய்வழியாக மட்டுமே வருவது. ஜூன் 30 அன்று முடிவு வந்தது. அவரேதான். ஜூலை 11 அன்று செயின்ட் லூயிஸில், ஜெஃபர்சன் பேரக்ஸ் தேசியக் கல்லறைத் தோட்டத்தில், பெயர் வெட்டிய கல்லுக்குக் கீழே அடக்கம் செய்தார்கள். பெயர் தெரியாதவருக்குக் கொடுத்த உயர் விருது மட்டும் அவருக்குப் போகவில்லை. அது எல்லாப் பெயர் தெரியாதவர்களுக்கும் பொதுவாகக் கொடுத்தது என்று சொல்லிவிட்டார்கள்.

இந்தக் கதையை அப்பாவிடம் மெட்ரோவில் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர் பெயரை எடுத்துவிட்டு எண் போட்ட இடத்தில் நிறுத்தினார்.

“ஏம்ப்பா, ஆர்.எல்.ஓ. தெரியுமில்ல உனக்கு?”

தெரியும். விலாசம் சரியில்லாமல், அனுப்பியவர் பெயரும் வெளியே இல்லாமல் திரும்புகிற கடிதங்கள் போய்ச் சேருகிற அலுவலகம். வேறு யாருக்கும் உறையைப் பிரிக்கிற உரிமை இல்லை, அவர்களுக்கு உண்டு. உள்ளே ஏதாவது ஊர், தெரு, பெயர் தென்பட்டால் அதை வைத்து அனுப்பியவருக்குத் திருப்பி விடுவார்கள்.

“அங்க இருக்கறவன் ஒரு எழுத்து கெடச்சாலும் விடமாட்டான். கெடச்ச விலாசத்த அடிச்சுட்டு, விலாசம் இல்லன்னு சொல்றவன எங்கயாவது பாத்திருக்கியா?”

இதற்கு மேல் நான் என்ன விளக்கம் சொல்வது. 1980இல் முடிவு செய்தவர்கள் வேண்டுமென்றே பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. எலும்பை வைத்து வயதும் உயரமும் கணிக்கிற முறையில் தவறு வருவது சகஜம். ஆனால் மிதவையும் பாராசூட்டும் விழுந்த இடமும் ஒரே ஆளைக் கைகாட்டும்போது, சந்தேகத்தின் பலனை அந்த அம்மாவுக்குக் கொடுக்காமல் காலியாக இருந்த குழிக்குக் கொடுத்தார்கள். 1921இல் யாரென்று தெரியாத நான்கு பேரை எடுத்து அவர்களுக்கு நடுவே தேர்வு நடத்தினார்கள். 1984இல் ஒருவரைத் தெரியாதவராக ஆக்கினார்கள். வெளியே நின்று பார்க்கிறவனுக்கு இரண்டு சடங்கும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதே குதிரை வண்டி, அதே கொடி, அதே கொம்பிசை.

வியட்நாம் குழியில் அதற்குப் பிறகு யாரையும் வைக்கவில்லை. 1999 செப்டம்பரில் பலகையின் வாசகத்தை மாற்றி, காணாமல் போன அமெரிக்கப் படைவீரர்களுக்கு மரியாதை என்ற பொருள்பட எழுதினார்கள். அந்த மூன்று பலகைகளில் எனக்கு அதுதான் நேர்மையானதாகப் படுகிறது. 1990களின் தொடக்கத்தில் இருந்து அமெரிக்கப் படையில் சேர்கிற ஒவ்வொருவரின் ரத்த மாதிரியையும் எடுத்து வைக்கிறார்கள். இனி ஒரு பெயர் தெரியாத வீரர் வருவதற்கு வாய்ப்பு அநேகமாக இல்லை.

ஆனால் அப்பாவின் கேள்வி பிளாசியோடு நிற்கவில்லை. மிச்சம் இருக்கிற இரண்டு பேர், 1958இல் வைத்தவர்கள், அவர்களைத் திறந்து பார்த்தால் என்ன என்றார். விஞ்ஞானத்துக்கு அது முடியாத காரியம் இல்லை. பேர்ல் ஹார்பரில் மூழ்கிய ஒக்லஹோமா கப்பலில் செத்து, பஞ்ச்போலில் பெயரில்லாமல் கலந்து கிடந்தவர்களை 2015இல் இருந்து தோண்டி எடுத்து, 350க்கும் மேற்பட்டவர்களுக்குப் பெயர் கண்டுபிடித்து ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள். கொரியப் போர் எலும்புகளுக்குப் பூசிய ரசாயனம் டி.என்.ஏ.வைக் கெடுத்திருந்தது, அதையும் மீறிப் படிக்கிற முறை பிறகு வந்துவிட்டது. அந்தப் பஞ்ச்போலில் தேர்வாகாமல் தங்கிவிட்டவர்களுக்கு என்றைக்காவது ஒரு நாள் வீடு திரும்புகிற வாய்ப்பு உண்டு. தேர்வானவருக்கு மட்டும் கிடையாது. காவல் போட்டிருக்கிற இடம் ஆயிற்றே.

அது வேண்டாம்ப்பா, அவங்க இப்ப எல்லாருக்கும் பொது, பிள்ளையைத் தொலைத்த ஒவ்வொரு வீடும் இது நம்ம பையனா இருக்கலாம்னு நினைக்கிற இடம் என்று நான் வாதாடிப் பார்த்தேன். அது 1921 வீரருக்குப் பொருந்தும் என்று இப்போதும் நினைக்கிறேன். அவரைத் தேடி அழுதவர்கள் யாரும் உயிரோடு இல்லை. அவர் நிறம் தெரியாமல் அங்கே கிடப்பதால் ஒரு பலனும் இருக்கிறது. 1958 வீரர்களின் கணக்கு வேறு. கொரியாவில் செத்தவரின் தம்பியோ தங்கையோ தொண்ணூறு வயதில் எங்காவது ஊரில் இருக்கக்கூடும். அவர்களில் ஒருவர் கேட்டால் திறக்கத்தான் வேண்டும் என்று ரோஸ்லின் ஸ்டேஷனில் ரயில் மாறுவதற்குள் அப்பா என்னை ஒத்துக்கொள்ள வைத்துவிட்டார். யாரும் கேட்கவில்லை என்றால் என்று கேட்டேன். கேக்க வேண்டியவங்களுக்குச் சொல்லியிருக்காங்களான்னு முதல்ல பாரு என்றார்.